பெரிய ஆம்ப் வாங்கியும் பாட்டு ஏன் சரியில்லை?

கேள்வி: என் கைப்பேசியில் ஹெட்போன் ஜாக் கிடையாது. சின்ன யூஎஸ்பி அடாப்டர் ஒன்றில்தான் ஐ.இ.எம். (காதுத் துளைக்குள் நுழைக்கும் இயர்போன்) செருகிக் கேட்டு வந்தேன். பக்கத்துக்கு நான்கு பேலன்ஸ்டு ஆர்மச்சர் டிரைவர் (ஒலி எழுப்பும் நுண்கருவி) உள்ள மாடல். பெட்டியில் 16 ஓம், மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் என்று போட்டிருக்கிறது. பேஸ் (அடித்தொனி) போதவில்லை என்று நண்பனிடம் சொன்னேன். 300 ஓம் ஹெட்போனுக்கு அவன் வைத்திருக்கும் கையடக்க ஆம்பை (ஒலிப்பெருக்கிக் கருவியை) புகழ்ந்து தள்ளினான். அதையே நானும் வாங்கிவிட்டேன். இப்போது பாட்டு ஓடாதபோதும் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். ஒலியைக் குறைத்தால் பாட்டு இடது காதுப் பக்கம் சாய்கிறது. பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிட்டது. ஆம்பின் கையேட்டில் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப் தன் பங்குக்குக் காட்டும் மின்தடை) 10 ஓம் என்று இருக்கிறது. இதைவிடப் பலமான ஆம்ப் வாங்குவதா, ஐ.இ.எம்.மையே மாற்றுவதா? வெள்ளிக் கேபிள் போட்டால் தீருமா?

— ஒரு வாசகர்

பதில்:

இன்னும் பலமானதா? வேண்டவே வேண்டாம். இப்போது இருப்பதே குருவி தலையில் வைத்த பனங்காய். நீங்கள் எழுதிய மூன்று கோளாறுகளும் அந்த ஆம்ப் உங்கள் ஐ.இ.எம்.முக்குப் பொருந்தாததால் வருபவை. பேஸ் குறைவு மட்டும் வேறு கதை; அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பெட்டியில் இருப்பதை ‘மில்லிவாட்டுக்கு’ என்பதோடு சேர்த்து எழுதினீர்களே, அதற்கு நன்றி. பலர் 105 என்று மட்டும் எழுதுவார்கள். மில்லிவாட்டுக்கு 105 என்பதும் வோல்ட்டுக்கு 105 என்பதும் ஒன்றல்ல. 16 ஓமில் இரண்டுக்கும் 18 டெசிபல் வித்தியாசம். உங்களுடையதை வோல்ட் கணக்குக்கு மாற்றினால் 123 டெசிபல் வரும். பாட்டின் உச்சத்தில் ஒரு நொடி 110 டெசிபல் எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதுவே காது கூசும் சத்தம். அதற்கு உங்கள் ஐ.இ.எம். கேட்பது 3 மில்லிவாட்டுக்குச் சற்று மேல், வோல்ட்டில் சொன்னால் 0.22. அவ்வளவுதான்.

உங்கள் நண்பரின் 300 ஓம் ஹெட்போன் மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரக்கூடியது என்று வையுங்கள். அதே 110-ஐ எட்ட அதற்கு 20 மில்லிவாட், கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் வேண்டும். உங்கள் தேவையைப் போலப் பதினோரு மடங்கு வோல்ட். ஆக, நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் ஹெட்போனுக்கு அந்த ஆம்ப் உயிர் கொடுத்திருக்கும். சின்ன அடாப்டர்கள் அவருக்குப் போதாது, உங்களுக்குத் தாராளம். ஆப்பிளின் யூஎஸ்பி-சி அடாப்டர் சுமார் 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கும் அதே அடாப்டர் அதில் பாதிதான் தரும். அந்தப் பாதியே உங்கள் தேவையைப் போல இரண்டு மடங்கு.

சரி, இப்போது அந்த ‘உஸ்’. எந்த ஆம்பும் முழு அமைதியாக இருக்காது. கொஞ்சம் இரைச்சல் எப்போதும் வெளியே வரும். இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால் உங்கள் ஐ.இ.எம். அதை 23 டெசிபலாக்கிக் காதில் போடும். அமைதியான அறையில், தூரத்தில் தூறல் விழுவது போலக் கேட்கும். அதுவே 2 மைக்ரோவோல்ட் என்றால் 9 டெசிபல், யாருக்கும் கேட்காது. நண்பரின் ஹெட்போனில் இதே 10 மைக்ரோவோல்ட் 2 டெசிபல்தான் வரும். அவருக்கு இப்படி ஒரு சத்தம் இருப்பதே தெரிந்திருக்காது. இரவில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாட்டை நிறுத்திவிட்டு ஒலிக்குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். இரைச்சல் மாறாமல் இருந்தால் அது ஆம்பின் கடைசிக் கட்டத்தில் பிறக்கிறது; ஒன்றும் செய்வதற்கில்லை. குமிழோடு சேர்ந்து ஏறினால் அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து வருகிறது. கெயின் (ஆம்ப் ஒலியைப் பெருக்கும் அளவு) ஸ்விட்ச் இருந்தால் ‘லோ’வில் வையுங்கள், பாதி குறையலாம்.

பாட்டு இடது பக்கம் சாய்வதற்கும் கெயின்தான் காரணம். ஒலிக்குமிழுக்குக் கீழே இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்றாக இரண்டு கார்பன் தடங்கள் உண்டு. குமிழின் நடுப்பகுதியில் இரண்டும் ஒத்துப்போகும். ஆரம்பத்திலேயே, அதாவது முள் ஏழு எட்டு மணியைக் காட்டும் இடத்தில், ஒன்று முந்தும் ஒன்று பிந்தும். உங்கள் ஆம்பில் அந்த இடத்தைத் தாண்டினாலே காது கிழிந்துவிடும். எனவே எப்போதும் குமிழின் மோசமான மூலையிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நண்பர் குமிழைப் பன்னிரண்டு மணிக்குத் திருப்பி நிம்மதியாகக் கேட்கிறார்.

மூன்றாவதுதான், அதாவது குரல் மங்கியதுதான், ருசிகரமானது. பெட்டியில் 16 ஓம் என்று இருந்தாலும் பேலன்ஸ்டு ஆர்மச்சர் ஐ.இ.எம்.மில் அது பெரும்பாலும் ஒரே ஓர் அதிர்வெண்ணில், வழக்கமாக 1000 ஹெர்ட்ஸில், அளந்த எண். நான்கு டிரைவர்களுக்கும் இடையே கிராஸ்ஓவர் (எந்த டிரைவருக்கு எந்த அதிர்வெண் என்று பிரித்தனுப்பும் சுற்று) இருப்பதால் இம்பீடன்ஸ் மேடும் பள்ளமுமாகப் போகும். உதாரணத்துக்கு ஓரிடத்தில் 40 ஓம், உச்ச ஸ்தாயியில் 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம் என்றால் மின்னழுத்தம் ஆம்புக்கும் ஐ.இ.எம்.முக்கும் இடையே பங்கு பிரிகிறது. 40 ஓம் இடத்துக்கு ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். 5 ஓம் இடத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். டெசிபலில் இந்த வித்தியாசம் ஏழரைக்கு மேல். அதே ஐ.இ.எம்.மை 1 ஓம் ஆம்பில் போட்டால் வித்தியாசம் ஒன்றரைக்குள் அடங்கிவிடும். பாடகிக்குப் போர்வை போர்த்தியது இந்த 10 ஓம்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். பழைய அடாப்டரில் அதே பாட்டைப் போடுங்கள், குரல் திறந்துகொள்ளும்.

இதை வேண்டுமென்றே பயன்படுத்திய நிறுவனமும் உண்டு. எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4 வரிசை 1991-இல் வந்தது. அதில் இஆர்-4பி என்பது 27 ஓம், இஆர்-4எஸ் என்பது 100 ஓம். 75 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்த ஒரு சின்ன கேபிளைச் செருகினால் பி, எஸ் ஆகிவிடும்; ஒலியின் குணமும் மாறிவிடும். இங்கே நீங்கள் கேட்காமலேயே ஆம்ப் உங்களுக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஐ.இ.எம்.மின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் இருக்கக் கூடாது என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். 16-க்கு 2 ஓம். உங்களைப் போலப் பல ஆர்மச்சர் வைத்திருப்பவர்களுக்கு நான் 1 ஓமுக்குக் கீழே என்பேன். ஒற்றை டைனமிக் டிரைவர் (ஸ்பீக்கரின் குட்டி வடிவம்) என்றால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. பிளேனர் (தட்டையான சவ்வு அதிரும்) ஐ.இ.எம்.களில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடாகவே போகும். அவுட்புட் இம்பீடன்ஸ் கூடினாலும் ஒலியின் நிறம் மாறாது.

இனி பேஸ். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருஷம் முன்பு நானும் பேஸ் தேடி ஓர் ஆம்ப் வாங்கினேன். அதைப் பிளேயரோடு இரண்டு ரப்பர் பேண்டால் கட்டி, சட்டைப் பையில் செங்கல் போலத் தொங்கவிட்டு அலைந்தேன். அருகில் கைப்பேசி இருந்தால் அழைப்பு வருவதற்கு முன்பே ‘டிட்-டிட்-டிர்ர்’ என்று காதுக்குள் அறிவிப்பு வரும். பேஸ் மட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் ஆம்பைத் திட்டினேன், பாட்டைத் திட்டினேன். ஒருநாள் தற்செயலாக இடது காதில் இருந்ததை விரலால் லேசாக உள்ளே அழுத்தினேன். மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து கும்கி அப்படியே எழுந்து வந்தது! என் இடது காதுத் துளை வலதைவிடப் பெரியது. இரண்டுக்கும் ஒரே அளவு டிப் (காதை அடைக்கும் மெத்தென்ற முனை) போட்டிருந்தேன். குற்றவாளி ஒரு துண்டு சிலிக்கோன்.

காதை டிப் முழுக்க அடைக்காவிட்டால் முதலில் வெளியேறுவது பேஸ்தான். மயிரிழை இடைவெளி போதும், 10 டெசிபல்கூடக் காணாமல் போகும். எந்த ஆம்பாலும் அதைத் திருப்பித் தர முடியாது. ஆகவே நீங்களும் அழுத்திப் பாருங்கள். பேஸ் கூடினால் டிப்பை மாற்ற வேண்டும், வேறெதையும் அல்ல. போடும்போது எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, வாயைச் சற்றுத் திறந்து, திருகியபடி உள்ளே விடுங்கள். இடதுக்கு ஓர் அளவு, வலதுக்கு ஓர் அளவு போட்டால் யாரும் சிரிக்கப் போவதில்லை. சிலிக்கோன் நிற்கவில்லை என்றால் ஃபோம் டிப். அது சீக்கிரம் அழுக்காகும், சில மாதங்களில் தளர்ந்துவிடும், உச்ச ஸ்தாயியையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் வளைந்து நெளிந்த காதுக்கும் அடைத்துக்கொள்ளும்.

டிப் சரியான பிறகும் பேஸ் போதவில்லையா? ஈக்குவலைசரை (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதியை) தொடுவது பாவமில்லை. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றுங்கள். ஏற்றிய அளவுக்கு ப்ரீஆம்பை (அதே ஈக்குவலைசரில் மொத்த ஒலி அளவை) குறையுங்கள், இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி உடையும். இதுவும் போதாது என்றால் அப்போது ஐ.இ.எம். மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆர்மச்சரின் பேஸ் சுருக்கென்று வந்து சுருக்கென்று போகும். காற்றைத் தள்ளும் அந்தக் கனம் வேண்டுமென்றால் டைனமிக் டிரைவர்தான். ஒரே ஒரு நல்ல டைனமிக் டிரைவர், அல்லது பேஸுக்கு டைனமிக்கும் மேலுக்கு ஆர்மச்சருமாகச் சேர்ந்த ஹைபிரிட். பக்கத்துக்குப் பத்து டிரைவர், பன்னிரண்டு டிரைவர் என்ற விளம்பரத்தில் மயங்காதீர்கள். டிரைவர் எண்ணிக்கை ஒலியின் தரத்தைச் சொல்லாது. எப்படி டியூன் செய்திருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். முடிந்தால் அதன் அதிர்வெண் வரைபடத்தை, உங்களிடம் இருப்பதன் வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆம்ப் வாங்கியே தீருவேன் என்றால் முதலில் அவுட்புட் இம்பீடன்ஸ், அப்புறம் இரைச்சல் எண், அப்புறம் ஒலியைக் குறைந்த அளவில் நுணுக்கமாக மாற்ற முடிகிறதா என்பது. எத்தனை மில்லிவாட் என்பதைக் கடைசியில் பாருங்கள். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக்கில் (ஆர்மச்சரின் ‘பேலன்ஸ்டு’ வேறு, இது வேறு) வோல்ட் இரட்டிப்பாகும் என்று பெருமையாகச் சொல்வார்கள். அவுட்புட் இம்பீடன்ஸும் அதோடு சேர்ந்து இரட்டிப்பாகும் என்பதை அவ்வளவு உரக்கச் சொல்லமாட்டார்கள். உங்களுக்குச் சாதாரண 3.5 போதும். பயணத்தில் கேட்பவரென்றால் புளூடூத்தில் வாங்கி ஒலியாக்கும் தீப்பெட்டி அளவுக் கருவிகளையும் பாருங்கள். குடெலிக்ஸ்-5கே போன்றவற்றில் ஈக்குவலைசர் கருவிக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கைப்பேசியோடு இணைத்தாலும் உங்கள் அமைப்பு கூடவே வரும். ஓடும் வண்டிச் சத்தத்தில் புளூடூத்துக்கும் கம்பிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்கு ‘உரக்க’ என்று படாது, ‘தெளிவு’ என்றுதான் படும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.

நன்றாக அடைக்கும் டிப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. வெளிச்சத்தம் குறைவதால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிறது. 90-ஐ எட்டினால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். 1 வோல்ட்டில் 123 டெசிபல் தரும் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு பலமான ஆம்பின் குமிழைத் தெரியாமல் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இப்போதைக்கு ஐ.இ.எம்.மைச் செருகிவிட்டுக் காதில் மாட்டாமல் ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பழக்கத்தையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வெள்ளிக் கேபிள். ‘உஸ்’ போகாது, பேஸ் வராது, பாட்டு நடுவுக்கு நகராது. பழைய கேபிள் அறுந்தால் மாற்றுங்கள்; அப்போதும் உங்கள் ஐ.இ.எம்.மில் இருப்பது 0.78 மி.மீ. இரட்டை முள்ளா, எம்எம்சிஎக்ஸ் என்ற வட்ட இணைப்பா என்று பார்த்து வாங்குங்கள். ஆம்பைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் நண்பரிடம் அந்த 300 ஓம் ஹெட்போனை ஒரு வாரம் கடன் கேளுங்கள். இந்த ஆம்ப் எதற்குப் பிறந்தது என்று அப்போது தெரியும்.