கொறங்காட்டுல புல்லு வரலையா? டிராக்டரை வெளியவே நிறுத்துங்க

தாராபுரம் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. தாத்தா காலத்து கொறங்காடு, அதாவது வேலி கட்டி புல்லும் மரமுமா மேய்ச்சலுக்குன்னே விட்ட காடு, 4 ஏக்கர், ரெண்டு காங்கேயம் மாடு, 15 செம்மறி இருக்கு, புல்லு வருசா வருசம் கம்மியாகுது, நல்லா உழுதுட்டு கோ-4ங்கற கம்பு நேப்பியர் தீவனப்புல்லு போடலாம்னு பக்கத்து காட்டுக்காரர் சொல்றாரு, செய்யலாமான்னு.

வேண்டாங்க. கோ-4 தண்ணி பாய்ச்சுற காட்டுக்கு உண்டான புல்லு, உங்க மானாவாரில ஒரு கோடைய தாங்காது. அதுவும் இல்லாம, நம்ம பக்கம் ஆடிக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், உழுது போட்ட காட்டு மேல்மண்ணு மொத்தமும் பக்கத்து காட்டுக்கு போயிரும். கொறங்காட்டுல இருக்குற கொழுக்கட்டைப்புல்லு வேரு புடிச்சு வச்சிருக்கறதாலதான் அந்த மண்ணு இத்தனை வருசம் அங்கயே கெடக்குது.

புல்லு ஏன் கொறையுதுன்னா, வெதை கீழ விழறதுக்கு நீங்க நேரமே குடுக்கலை, அவ்வளவுதான். மழை பேஞ்சு புல்லு தழைஞ்ச ஒடனே மொத்த உருப்படியையும் உள்ள விட்டா கதிர் வர்றதுக்கு முன்னாடியே மேஞ்சிரும், மேல திரும்ப திரும்ப கடிக்க கடிக்க கீழ வேரும் சுருங்கும், அடுத்த கோடைல தூரே காஞ்சிரும். செம்மறி மண்ணை ஒட்டி மேயும், அதனாலதான் பெரியவங்க மாட்டை மொதல்ல விட்டு ஆட்டை கடைசியா விட்டாங்க.

காட்டை நாலா பிரிச்சுக்கங்க. இந்த ஐப்பசி மழைக்கு அதுல ஒண்ணை மட்டும் பூட்டிருங்க, கதிர் முத்தி வெதை கொட்டுற வரைக்கும் ஒரு ஆட்டுக்குட்டி கூட உள்ள போகக்கூடாது. மத்த மூணுலயும் புல்லு நாலு விரக்கடைக்கு கீழ போறதுக்குள்ள அடுத்ததுக்கு மாத்தணும். அடுத்த வருசம் வேற ஒண்ணை பூட்டுங்க. சொட்டையா இருக்குற எடத்துக்கு மட்டும் கொழுக்கட்டை வெதை வாங்கி தூவுனா போதும், வெதை பஞ்சு மாதிரி இருக்கும், சும்மா தூவுனா காத்துல பறந்துரும், ஈர மணல்ல கலந்து தூவுங்க. கூட முயல்மசால்ங்கற தீவனச்செடி வெதையும் கொஞ்சம் சேத்துக்கங்க, அந்த வெதையோட தோல் கெட்டி, சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்து ராத்திரி பூரா பச்சத்தண்ணில ஊறவச்சாதான் மொளைக்கும். வெதைக்கு கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்து தீவனப்பயிர் துறைல கேளுங்க, உங்க ஊர் கால்நடை மருந்தகத்துலயும் மானியத்துல ஏதாவது வந்திருக்கான்னு சிட்டா அடங்கலோட போய் விசாரிச்சுருங்க.

வெள்வேல மரத்துல கை வைக்காதீங்க. புல்லு இல்லாத கோடைல அந்த காய்தான் தீனி, நெழலும் லேசா இருக்கறதால அடில புல்லு வரும். சீமைக்கருவேலம் இருந்தா மட்டும் தூரோட பிடுங்குங்க, வெட்டி விட்டா நாலு மடங்கா தழையும், காயை மாடு தின்னு சாணியில காடு பூரா வெதைச்சு விட்டுரும். ஜேசிபி வேணும்னா இதுக்கு கூப்பிடுங்க, வேற எதுக்கும் வேண்டாம்.

வேலிக்கு கம்பியான்னு கடைசில ஒரு வரி கேட்டிருந்தீங்க. உயிர்வேலியா இருக்குற கிளுவை சந்து விட்ட எடத்துக்கு மழைக்கு முன்னாடி முத்துன கொம்பா வெட்டி நெருக்கமா நட்டுருங்க, அது வேர் புடிக்கிற வரைக்கும் முள்ளு படல் வச்சு சமாளிக்கலாம். கம்பிக்கு போடுற காசுல, மழைத்தண்ணி வெளிய ஓடுற பக்கம் ஒரு வரப்பு போட்டுக்கங்க.

15 செம்மறிய 20 ஆக்கலாமான்னு மட்டும் ரெண்டு வருசம் கழிச்சு கேளுங்க.