ஈய அணுக்கருவைக் கேட்கும் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் சீட் எதற்கு?

படிப்பு ஆலோசனை கேட்டு நாமக்கல்லிலிருந்து என்னிடம் வந்த அந்தத் தந்தை உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "அணுவை மோதவிட்டுப் பார்க்கிற படிப்புக்கு யார் சார் சம்பளம் தருவார்கள்?" மகளுக்கு இயற்பியல் ஆசை. ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று தாய்மாமன் முடிவு கட்டிவிட்டாராம். வீட்டுப் பத்திரம் அடகுக்குத் தயார்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பத்திரம் என்றதும் மனம் மாறிவிட்டது.

அதற்குள் அந்தப் பெண் என் மேசையிலிருந்த இரண்டு டம்ளர்களை எதிரெதிரே நகர்த்தி, உரசாமல் கடக்கவிட்டாள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் ஈய அணுக்கருக்கள் இப்படித் தொடாமல் விலகிப்போகும்போதும், அவற்றைச் சூழ்ந்த ஒளித்துகள்கள் மோதிக்கொள்ளுமாம். ஈயக் கருவில் 82 புரோட்டான்கள். ஆகவே அந்த மோதலுக்கான வாய்ப்பு, புரோட்டான்களை ஓடவிடுவதைவிட 82-இன் நான்காம் அடுக்காக, சுமார் நாலரைக் கோடி மடங்கு பெருகுகிறது. அப்படியும் 2015-ஆம் ஆண்டுத் தரவில் அங்குள்ள அட்லஸ் என்ற ஆய்வுக் குழுவுக்குத் தேறியவை இப்படிப்பட்ட 13 நிகழ்வுகள். இந்த எண்ணிக்கை கணக்கை மீறித் துருத்தி நின்றால் ஆக்சியான் போன்ற, இதுவரை யாரும் காணாத புதுத் துகளின் தடயமாக இருக்கலாம். இதுவரை அப்படி எதுவும் நிற்கவில்லை. அது தெரிந்துதான் இந்தப் படிப்பைக் கேட்கிறாள்.

ஐயா, பொறியியலைப் பற்றி ஊரே சொல்லும், நான் விட்டுவிடுகிறேன். நெஸ்ட் தேர்வைப் பற்றி யாராவது சொன்னார்களா? அதில் தேறினால் புவனேஸ்வரத்தில், அணுசக்தித் துறையின் நைசர் நிறுவனத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிக்கலாம். தகுதி பெறுவோருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகை. கோடைப் பயிற்சிக்குத் தனியாக 20,000. செர்னில் ஈய மோதல்களுக்கென்றே கட்டப்பட்ட அலிஸ் கருவியின் ஆய்வுக் குழுவில் நைசரும் இருக்கிறது. அந்தக் கருவிக்கான மானஸ் என்ற சிப்பை வடிவமைத்தது கொல்கத்தாவின் சாகா அணு இயற்பியல் நிறுவனம். இது வெளிநாட்டுக்காரன் வேலை என்று மாமா சொன்னால், அந்தப் பேச்சு இங்கே எடுபடாது. இந்த ஆய்வில் பாதி நாள் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதில்தான் போகும். அவர் கேட்ட கம்ப்யூட்டரும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முனைவர் பட்டம் வரை பத்தாண்டு ஆகும், பேராசிரியர் இடங்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வின் தொடக்க ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் வரும். நைசர் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் போதும், பிறகு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதட்டும். எந்த வழியானாலும் அடகு வேண்டாம். பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்த முறை மாமாவையும் அழைத்து வாருங்கள். டம்ளர்கள் இங்கேதான் இருக்கும்.