நரம்பும் சிரையும் – கடிதம்

அண்ணா, நான் பெரம்பூர், நர்சிங் ரெண்டாம் வருஷம். இங்கிலீஷ்ல உடம்புக்கும் நெர்வ், இலைக்கும் நெர்வ், பயந்தா நெர்வஸ், திமிரா பேசுனா ‘வாட் எ நெர்வ்’. இதுல எது முதல்ல வந்துச்சு? நம்ம ஜனங்க ரத்தக்குழாயக்கூட நரம்புன்னுதான் சொல்றாங்க. இந்த அறியாமைய எப்படிண்ணா மாத்துறது?

தம்பி,

முதல்ல வந்தது தசைநாண், அதாவது தசைய எலும்போட கட்டுற நார். கிரேக்கத்துல நியூரான், லத்தீன்ல நெர்வுஸ், ரெண்டுக்கும் பழைய அர்த்தம் அதுதான், வில்லுல கட்டுற நாணுக்கும் அதே பேரு. கி.மு. 3ம் நூற்றாண்டு வாக்குல எகிப்து அலெக்சாண்டிரியாவுல ஹீரோஃபிலஸ்னு ஒரு கிரேக்க வைத்தியர் உடம்ப அறுத்துப் பாத்துதான் உணர்ச்சி கடத்துறது வேறன்னு பிரிச்சாரு, ஆனா பேரு அதேதான் ஒட்டிக்கிச்சு. உன் அனாட்டமி புக்குல உள்ளங்கையில அப்போநியூரோசிஸ்னு வருமே, பேர்ல நியூரோ இருக்கு, ஆனா அது பட்டையான தசைநாண். பிரியாணில கெடக்குற பிரிஞ்சி இலைய எடுத்துப் பாரு, அடியில இருந்து நுனி வரைக்கும் மூணு கோடு ஓடும், தாவரவியல் புக்குல அதுவும் நெர்வ்தான், தண்ணி போற குழா. திமிரு, பயம்லாம் பின்னாடி வந்தது, அத விடு.

ஆனா அறியாமைன்னு எழுதிட்ட பாரு, அதுக்குத்தான் உக்காந்து பதில் எழுதுறேன். புறநானூறு 278ல காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு கெழவியோட தோள ‘நரம்பெழுந்து உலறிய’ன்னு பாடுறாங்க. வத்துன தோலுக்கு மேல பொடைச்சு நிக்கிறது நெர்வா தம்பி? ரத்தக்குழா. யாழ்ல கட்டுனதும் நரம்புதான். ஹீரோஃபிலஸ் ஊர்ல ஒரே வார்த்தை ரெண்டு வேலை பாத்தா வரலாறு, காசிமேட்டுல பாத்தா அறியாமையா?

எங்கம்மா காசிமேட்டுல இருபது வருஷம் நின்னுக்கிட்டே மீன் வித்தவங்க. முழங்காலுக்குக் கீழ பச்சையா முறுக்கிக்கிட்டு கெடக்கும், மண்புழு மாதிரி. ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், சின்ன வயசு. “கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு சார்”னாங்க. “அது நரம்பு இல்லமா, வெய்ன். நரம்பு வேற, தெரியாம பேசாதீங்க”ன்னாரு. அவரு சொன்னது சரிதான், வெய்ன்னா சிரை, ரத்தத்த இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழா, அதுதான் அது. அம்மா “சரி சார்”னு பொடவைய எறக்கி விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் வாயே தொறக்கல. ராத்திரியில கணுக்கால் உள்பக்கம் அரிக்குது, தோலு கறுத்துக்கிட்டே வருதுன்னு சொல்லத்தான் வந்திருக்காங்க, எனக்கும் அப்ப தெரியாது. நாலு மாசத்துல அந்த எடத்துலயே புண்ணு வச்சிருச்சு. அது ஆற ஒன்றரை வருஷம் ஆச்சு தம்பி, டெய்லி கட்டு மாத்தணும், அந்த வாடைக்கு அம்மா கல்யாணம் காட்சிக்குக்கூட போக மாட்டேன்னுட்டாங்க.

கட்டு மாத்துன எடத்துல ஒரு நர்ஸ் இருந்துச்சு, உன்ன விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். அம்மா முதல் நாளு பயந்து பயந்து “கால்ல... அது...”ன்னு இழுத்தாங்க. அந்தப் பொண்ணு கீழ குந்திக்கிச்சு. “எந்த நரம்பு ஆயா வலிக்குது, வெரல வச்சுக் காட்டு”ன்னுச்சு. அம்மா பொடவைய முட்டி வரைக்கும் தூக்கிட்டு, அன்னிக்கு அர மணி நேரம் பேசுனாங்க.