ரெகேயையும் எலக்ட்ரானிக் நடன இசையையும் சேர்த்து வாசிக்கும் குழுக்களில் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?

ட்ரெட்ஸோன். 1993-ல் லண்டனில் தொடங்கிய குழு, முப்பது வருஷம் தாண்டியும் மேடை ஏறுகிறார்கள். நிறையப் பேர் மேஜர் லேசரைச் சொல்வார்கள், அதற்கு நியாயமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் ஒரே ஒரு குழுவைத்தான் சொல்லலாம் என்றால் எனக்கு இவர்கள்தான்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் ஆம்ப்ளிஃபயரையும் குழாய் ஸ்பீக்கர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். யார் பாடியது, யார் இசை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பே, எந்தச் செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று தெரியும். ஒரே பாட்டு இரண்டு செட்டில் இரண்டு மாதிரி இருக்கும். எதை எப்போது போடுவது, எங்கே கூட்டுவது, கூட்டம் களைத்திருக்கும்போது எதைப் போட்டு எழுப்புவது என்பதெல்லாம் அந்த ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கையில்தான்.

ஜமைக்காவில் ரெகே வளர்ந்ததும் இப்படிப்பட்ட செட்டுகளைச் சுற்றித்தான். 1950-களில் கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் ரெக்கார்டுகளைப் போட்டு ஆடவைத்தார்கள். சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். டியூக் ரீட், காக்ஸன் டாட் இருவரும் போட்டிச் செட்டுக்காரர்கள். அடுத்தவனிடம் இல்லாத பாட்டு நம்மிடம் இருக்கவேண்டும் என்ற போட்டிதான் அவர்களைச் சொந்தமாக ஒலிப்பதிவு செய்ய வைத்தது. காக்ஸன் 1963-ல் ஸ்டூடியோ ஒன் திறந்தார். ஸ்கா, ராக்ஸ்டெடி என்ற ஜமைக்கா ஆட்ட இசைகள் வழியாகப் போய் 1968 வாக்கில் ரெகே வந்தது.

அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு மிக முக்கியம். கிங் டப்பி என்று ஒருவர். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவர், சொந்தமாகச் செட்டும் வைத்திருந்தார். 1970-களின் தொடக்கத்தில், பதிவான பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, டிரம்ஸையும், கீழ் ஸ்வரங்கள் வாசிக்கும் பேஸ் கிட்டாரையும் மட்டும் விட்டு, இடையிடையே கிட்டாரையோ குரலின் ஒரு துண்டையோ எக்கோவில் எறிந்து திரும்ப வரவைத்தார். டப் என்ற இசை அப்படித்தான் உருவானது. மிக்ஸிங் மேஜையே வாத்தியம், ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கைதான் வித்வான். இன்று ரீமிக்ஸ் என்று உலகமே செய்வதன் வேர்களில் ஒன்று இது. 1985-ல் கேஸியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே போட்டிருந்த ஒரு தாளத்தை எடுத்து, கிங் ஜாமி தயாரிப்பில் வேய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்' வந்ததும் ஜமைக்காவே கம்ப்யூட்டர் தாளத்துக்கு மாறியது. அந்தத் தாளத்தை உருவாக்கியவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண் பொறியாளர். அவர் பெயரை இன்னும் நிறையப் பேர் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், ரெகேவும் எலக்ட்ரானிக் இசையும் எங்கோ தனித்தனியாகக் கிடந்து பிறகு யாரோ ஒட்டவைத்தவை அல்ல. ஒரே பட்டறையில் பிறந்த அண்ணன் தம்பி. ட்ரெட்ஸோன் இதைத் தெரிந்து வாசிப்பவர்கள். வேறு பல குழுக்கள் ரெகேயை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கின்றன. முழுக்க டான்ஸ் பாட்டு, நடுவில் ஜமைக்கா குரல் இரண்டு வரி. அது எனக்குப் போதாது.

ட்ரெட்ஸோனின் வேர் நேரான வேர். 1977-ல் லண்டன் ராக்ஸி கிளப்பில் பங்க் ராக் கேட்கும் இளைஞர்களுக்கு ரெகே ரெக்கார்டு போட்டுப் பழக்கியவர் டான் லெட்ஸ். அவரும் தி க்ளாஷ் என்ற பங்க் குழுவின் மிக் ஜோன்ஸும் சேர்ந்து 1984-ல் பிக் ஆடியோ டைனமைட் தொடங்கினார்கள். அந்தக் குழுவின் டிரம்மர் கிரெக் ராபர்ட்ஸ்தான் டிம் பிரான் என்பவரோடு சேர்ந்து ட்ரெட்ஸோனை ஆரம்பித்தார். பேஸ் வாசித்த லியோ வில்லியம்ஸும் கீபோர்டு டான் டோனவனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். 1995-ல் வந்த 'செகண்ட் லைட்' அவர்களுடைய சிறந்த ஆல்பம். பிபிசி வானொலியின் ஜான் பீல் தமக்கு மிகப் பிடித்த ஆல்பங்களில் அதையும் சேர்த்தார். அதிலுள்ள 'லிட்டில் பிரிட்டன்' 1996 ஜனவரியில் பிரிட்டிஷ் தரவரிசையில் 20-ஆம் இடம் வரை போனது. பெரிய வெற்றி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

இசைக்குள் என்ன நடக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு தவில்காரர். சித்தப்பா மகன் இப்போது ஒலி ஒளி நடத்துகிறான். தகரக் கொட்டகையில் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒரு மத்தியானம் புதிதாக வாங்கிய 18 இன்ச் பேஸ் பெட்டியைச் சோதிக்க, பழைய ஜமைக்கா ரெகே ஒன்றைப் போட்டேன். திருவிழா தேதி பேச வந்திருந்த தவில்கார அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, சமத்துல யாருமே இல்லீங்களே?" என்றார். அதேதான். நாலு எண்ணினால் ஒன்றாவது அடி காலியாக இருக்கும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் மூன்றாவதில்தான் விழும். ஒன் டிராப் என்பார்கள். கிட்டாரும் அடிக்கு அடி விழாமல் இடையில்தான் வெட்டும். அரை இடம் தள்ளி எடுப்பு வைத்த கீர்த்தனைகளைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க் காதுக்கு இது புதிதில்லை. காலியான சமத்தை மனசு தானே நிரப்பிக்கொள்கிறது, உடம்பு அதனால்தான் ஆடுகிறது.

அடுத்து ட்ரெட்ஸோனைப் போட்டேன். கூரையில் ஒரு தகரம் ஆணி தளர்ந்து பேஸோடு சேர்ந்து அதிர, என் தம்பி ஏணி போட்டு ஏறி அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "கீழ முதல் காலம், மேல ரெண்டாம் காலம் ஓடுதுங்க" என்றார் அண்ணன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரெகே நிமிஷத்துக்கு 70, 80 அடியில் நடக்கும். 90-களில் லண்டனில் ஓடிய ஜங்கிள் என்ற எலக்ட்ரானிக் நடன இசை 160-ஐத் தொடும். ஒன்று மற்றதில் பாதி. பேஸ் நிதானமாக முதல் காலத்தில் போக, டிரம்ஸ் இரண்டாம் காலத்தில் பறக்கலாம், இரண்டும் முட்டாது. ஆடுபவர் எதைப் பிடித்துக்கொள்வது என்பது அவர் விருப்பம். பாட்டி அசைந்தபடி கேட்கலாம், பேரன் குதிக்கலாம். இன்னொரு பாலமும் உண்டு. ஸ்டெப்பர்ஸ் என்ற ரெகே வகையில் கிக் நாலு அடியிலும் விழும். ஹவுஸ் என்ற எலக்ட்ரானிக் நடன இசையிலும் அப்படித்தான். அந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது தெரியவே தெரியாது.

லியோ வில்லியம்ஸின் பேஸைத் தனியாகக் கவனியுங்கள். குறைவான ஸ்வரங்கள்தான், வாசித்ததை விட வாசிக்காமல் விட்டது அதிகம். அதன் மேல் எர்ல் சிக்ஸ்டீன் பாடும்போது (70-களிலிருந்தே ஜமைக்காவில் பாடிவந்தவர் அவர்) எலக்ட்ரானிக் சத்தங்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். 'ஸயன் யூத்' கேட்டால் புரியும்.

மேஜர் லேசர் விஷயம். டிப்லோ, சுவிட்ச் என்ற இரண்டு இசைத் தயாரிப்பாளர்கள் தொடங்கியது, 2009-ல் முதல் ஆல்பம். தமிழர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. இவர்கள் இருவருமே அதற்கு முன் லண்டன் தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசத்துடன், அதாவது எம்.ஐ.ஏ.வுடன், வேலை செய்தவர்கள். அவருடைய 2007 ஆல்பமான 'கலா'வில் நம் உறுமி ஒலிக்கிறது. அதே ஆல்பத்தின் 'பாய்ஸ்' பாட்டுக்கு வீடியோ எடுத்தது ஜமைக்காவில். நம் உறுமியும் கிங்ஸ்டன் ஆட்டமும் ஒரே பாட்டில் அருமையாகப் பொருந்தியிருக்கின்றன. மேஜர் லேசரின் ஆரம்பப் பாட்டுகள் எனக்குப் பிடிக்கும். பிறகு வந்தவற்றில் பேஸ் மெலிந்து, ரேடியோவுக்கான மெட்டு முன்னால் வந்துவிட்டது. பெயர் அதில்தான் வந்தது என்பதும் உண்மை.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிரும். போனும் சரி, பழைய குழாய் ஸ்பீக்கரும் சரி, அதைத் தொடவே தொடாது. அதனால்தான் எங்கள் சின்ன வயதில் அடுத்த ஊர்த் திருவிழாவிலிருந்து வயல் தாண்டி வெறும் குரல் மட்டும் வந்தது, இப்போது பேஸ் பெட்டி வந்தபிறகு டொம் டொம் மட்டும் வருகிறது. நல்ல ஹெட்போன் இருந்தால் போதும், தெரிந்த ஒலி ஒளிக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, முதலில் கிங் டப்பி ஏதாவது ஒன்று, உடனே 'செகண்ட் லைட்' முழுசாக, பாட்டு தாவாமல்.