கேம் சேர்வர் பட்டியலை ரூட்டர் தானே புதுப்பிக்க: கேள்வி பதில்

ஃபைபர் ஒன்று, 4ஜி சிம் ரூட்டர் ஒன்று என இரண்டு லைன் வைத்து, கேமை மட்டும் ஃபைபரில் விட நினைப்பவர்களுக்கானது இது. கேம் சேர்வர்களின் ஐபி முகவரிப் பட்டியலைப் பார்த்துத்தான் எதை ஃபைபரில் விடுவது என்று ரூட்டர் முடிவெடுக்கும். ஆனால் அந்த முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். கையால் திருத்தி மாளாது.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, நான் போட்ட பட்டியல் பழசாகிவிட்டது. புதுசை எங்கே எடுப்பது?

எந்தக் கேம் என்பதைப் பொறுத்தது, தம்பி. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்றால் சுகம். கேம் பாக்கெட்டுகளை இடையில் நின்று கடத்தும் ரிலே சேர்வர்களின் முகவரிகளை, இவற்றைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனமே நகர் வாரியாக, ஸ்கிரிப்ட் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவில் தருகிறது. சென்னை, மும்பை, சிங்கப்பூர் மூன்றும் எங்களுக்குப் போதும். வலோரன்ட் தயாரிக்கும் ரயட் கேம்ஸின் ஏ.எஸ். எண், அதாவது இணையத்தில் அந்த நிறுவன வலையமைப்பின் அடையாள எண், 6507. அந்த எண் அறிவிக்கும் முகவரித் தொகுதிகளை ரைப்ஸ்டாட் என்ற வெப்சைட்டில் எடுக்கலாம். பல கேம்கள் சேர்வரை வாடகைக்கு எடுக்கும் அமேசான் கிளவுடும் தன் முகவரிகளின் முழுப் பட்டியலை வெளியிடுகிறது. ஆனால் சிங்கப்பூர் பகுதி முழுவதையும் போட்டால் கேமோடு கணக்கில்லாத வெப்சைட்டுகளும் ஃபைபருக்குள் வந்துவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: பட்டியலே கிடைக்காத மொபைல் கேம்களுக்கு என்ன செய்வது?

மேட்ச் நடக்கும்போது அந்தப் போனின் இணைப்புகளைப் பாருங்கள். மைக்ரோடிக் ரூட்டரில் 'டார்ச்', லினக்ஸ் ரூட்டரில் 'கான்ட்ராக்' என்ற கருவி அதைக் காட்டும். ஒரே முகவரிக்கு இடைவிடாமல் சின்னச் சின்ன யுடிபி பாக்கெட்டுகள் (பதிலுக்குக் காத்திராமல் வேகமாக அனுப்பும் வகை) போய்வந்தால் பெரும்பாலும் அதுதான் சேர்வர். சந்தேகம் இருந்தால் வாய்ஸ் சாட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அதுவும் யுடிபிதான். பட்டியலில் சேர்க்கும்போது இரண்டு நாளில் தானே நீங்கும்படி காலக்கெடு வையுங்கள். கிளவுட் முகவரி இன்று கேமுக்கு, நாளைக்கு வேறு யாருக்கோ.

மாங்குளத்திலிருந்து, கடை வைத்திருப்பவர்: இரவில் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஒருநாள் காலையில் பட்டியல் வெறுமை, எல்லாக் கேமும் 4ஜியில் ஓடியது. ஏன்?

பழையதை அழித்துவிட்டுப் புதியதை இறக்கப் போயிருக்கிறது உங்கள் ஸ்கிரிப்ட். நடுவில் லைன் விழுந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த வேலையில் நான் கவனமாகப் பார்க்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

முதலில் இறக்குங்கள். கோப்பு முழுதாக வந்ததா, ஜேசனாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிறகு எண்ணுங்கள்: நேற்று 120 வரி இருந்து இன்று 40 வந்தால் தொடவே கூடாது. பழையதை அப்படியே விட்டு உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். ஒரு நாள் பழைய பட்டியலால் பெரிய நட்டமில்லை, வெறும் பட்டியலால்தான் கடையே நிற்கும். கூடவே முழு இணையத்தையும் குறிக்கும் 0.0.0.0/0 என்ற வரியோ, உங்கள் கடைக்குள் உள்ள உள் முகவரிகளோ வந்திருந்தால் தள்ளிவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் லினக்ஸில் 'ஐபிசெட்' கொண்டு தற்காலிகப் பட்டியல் ஒன்றை நிரப்பி, 'ஸ்வாப்' கட்டளையால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒரே கணத்தில் முடியும், பாதிப் பட்டியல் என்ற நிலையே வராது. மைக்ரோடிக்கில் அந்த வசதி இல்லை. அங்கே இரண்டு பெயரில் பட்டியல் வைத்து, புதியது நிரம்பியபின் பாக்கெட்டுக்குக் குறி போடும் 'மாங்கிள்' விதியில் பெயரை மட்டும் மாற்றுவேன்.

பரந்தனிலிருந்து: பட்டியல் மாறும் நேரம் விளையாடிக்கொண்டிருக்கும் பெடியள் வெளியே விழுகிறார்கள்.

லைன் மாறினால் உங்கள் பொது ஐபியும் மாறும். சேர்வருக்கு நீங்கள் புது ஆள். ஆகவே பாக்கெட்டுக்குப் பாக்கெட் முடிவெடுக்க விடாதீர்கள். இணைப்பு தொடங்கும்போது அதற்கு ஒரு குறி போட்டு, முடியும்வரை அந்தக் குறிப்படியே போகவிடுங்கள். அப்போது புதுப் பட்டியல் அடுத்த மேட்சுக்குத்தான் பொருந்தும்.

வவுனியாவிலிருந்து: மைக்ரோடிக்கில் விதி சரிதான், ஆனால் கேம் இடைக்கிடை தவறான லைனில் போகிறது.

காரணம் ஃபாஸ்ட்டிராக், வேகத்துக்காக ரூட்டர் வைத்திருக்கும் குறுக்குவழி. அதில் ஏறிய பாக்கெட் மாங்கிளைத் தொடாமல் தாண்டிவிடும். குறி போட்ட இணைப்புகளை அந்த விதியிலிருந்து விலக்குங்கள்.

முல்லைத்தீவிலிருந்து: கரண்ட் போய் வந்தால் பட்டியல் காணாமல் போகிறது.

காலக்கெடு வைத்த வரிகளை மைக்ரோடிக் நினைவகத்தில் மட்டுமே வைக்கும். சரிபார்த்த கடைசிப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து, ரூட்டர் எழும்பியதும் அதை முதலில் ஏற்றச் செய்யுங்கள். லைன் வந்தபின் புதியதைத் தேடட்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: சிங்கப்பூர் பிங், அதாவது பாக்கெட் போய்வரும் நேரம், 20 மில்லிசெக்கனுக்குக் கீழ் வருமா அண்ணை?

வராது, தம்பி. கிளிநொச்சியிலிருந்தே நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி மில்லிசெக்கனுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் போகும். போய்வரவே 27, கேபிள் வளைந்து போவதால் இன்னும் கூடும். சென்னை சேர்வர் உள்ள கேமென்றால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஓர் அக்கா: எங்களுக்கு இரண்டு கடை. இரண்டு ரூட்டரிலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும்.

ஒரு கடையில் ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி வைத்து, பட்டியலை அங்கே மட்டும் தயாரியுங்கள் அக்கா. இரண்டு ரூட்டரும் தனித்தனியே இறக்கினால் ஒருநாள் வேறுபடும். அந்தக் கணினியில் 'பேர்ட்' மென்பொருளைப் போட்டு, கடைகளுக்கு இடையே விபிஎன் (இணையத்தின் வழியே தனிச் சுரங்கப் பாதை) கட்டி, அதற்குள் ரூட்டர்கள் பாதைகளைப் பரிமாறும் பிஜிபி ஓடவிட்டால் ஒரு வரி மாறியதும் இரண்டு பக்கமும் மாறும். பிஜிபிக்கு வேண்டிய தனியார் ஏ.எஸ். எண்கள் 64512 முதல் 65534 வரை உண்டு, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் விபிஎன் அறுந்து பிஜிபி விழுந்தால் அது தந்த பாதைகளும் சேர்ந்து போய்விடும், பரந்தன் தம்பிக்குச் சொன்ன குறியும் இந்த முறையில் வேலை செய்யாது. உங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமென்றால் பிஜிபி வேண்டாம். இரண்டு ரூட்டரும் மணிக்கொருமுறை அந்தக் கணினியிலிருந்து கோப்பை எடுத்து, மாங்குளத்தவருக்குச் சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டு ஏற்றட்டும். கணினி நின்றாலும் ரூட்டரில் ஏற்றிய பட்டியல் அப்படியே இருக்கும்.