கடை தளம் மாறும்போது படத்தேடல் வருகையைக் காப்பாற்றுவது: கேள்வி பதில்

வூகாமர்ஸிலிருந்து (வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஓடும் கடை) ஷாப்பிஃபைக்கு (சர்வரையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் இணையக் கடைத் தளம்) போகிறவர்கள் ஒரே மாதிரி கேள்வியைத் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று மாலை முழுக்க இங்கேதான் இருப்பேன், கேளுங்கள். கூகுள் படத்தேடல் பற்றி மட்டும் கேளுங்கள், அதுதான் நான் தினமும் பார்க்கிற வேலை.

கேள்வி (பித்தளைக் குத்துவிளக்கு விற்பவர், கும்பகோணம்): அண்ணா, எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கூகுளில் விளக்குப் படத்தைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள். தளம் மாற்றினால் அது போய்விடுமா?

எதுவும் செய்யாமல் மாற்றினால் போய்விடும். ஏன் என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கூகுளுக்குப் பக்கம் வேறு, படம் வேறு. உங்கள் ஐந்துமுக விளக்குப் பக்கத்துக்கு ஒரு முகவரி இருக்கிற மாதிரி, அதில் இருக்கும் ஜேபெக் கோப்புக்கும் தனி முகவரி உண்டு. வேர்ட்பிரஸில் அது அப்லோட்ஸ் ஃபோல்டர், வருடம், மாதம், கோப்பின் பெயர் என்று போகும். ஷாப்பிஃபையில் ஏற்றியதும் அதே படம் அவர்களுடைய சிடிஎன்னில் (படங்களை வேகமாகக் கொடுக்கும் சர்வர்கள்) போய் உட்கார்ந்து, வேறு முகவரி வாங்கி, வாலில் ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. நம் கண்ணுக்கு அதே விளக்குதான், கூகுளுக்கு அது நேற்று முளைத்த புதுப் படம். இத்தனை வருடம் பெயர் வாங்கிய பழைய படம் 404, அதாவது 'காணவில்லை' என்று ஆகிவிடுகிறது. இதில் இன்னொரு கஷ்டம், படங்கள் அடிக்கடி மாறாது என்பதால் கூகுள் அவற்றைப் பக்கங்களைவிட மெதுவாகத்தான் திரும்ப வந்து பார்க்கும். அதனால்தான் பக்கங்கள் சில வாரத்தில் நிமிர்ந்துவிட்டாலும் படத்தேடல் மாதக்கணக்கில் படுத்தே கிடக்கிறது.

மாற்றுவதற்கு முன்னால் முதல் வேலை பட்டியல். கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து தேடல் வகையை 'இமேஜ்' என்று மாற்றுங்கள், 16 மாதக் கணக்கு கிடைக்கும், அதை இறக்கி வையுங்கள். ஆனால் அது எந்தப் பக்கத்துக்கு க்ளிக் வந்தது என்றுதான் காட்டும், எந்தக் கோப்பு என்று காட்டாது. கோப்பு தெரிய வேண்டுமானால் உங்கள் ஹோஸ்டிங்கின் (தளம் இருக்கும் வாடகைச் சர்வர்) ஆக்சஸ் லாக்கில், அதாவது யார் எந்தக் கோப்பை எடுத்தார்கள் என்ற பதிவேட்டில், 'கூகுள்பாட்-இமேஜ்' (Googlebot-Image, படங்களைப் பார்க்க வரும் கூகுளின் நிரல்) என்று தேடுங்கள். வேர்ட்பிரஸ் ஒரே படத்தைப் பல அளவில் வெட்டி வைக்கும். ஒரு கடையின் லாக்கில் நான் பார்த்தது, ஒரே தூக்குவிளக்குக்கு 300, 600, 1024 என்று நாலைந்து கோப்பு இருந்தது, கூகுள் திரும்பத் திரும்ப எடுத்துப்போனது 600 அளவை மட்டும்தான். அந்தக் கடைக்காரர் ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதுக்குத் திருப்பிவிடுவது) போட்டிருந்ததோ ஒரிஜினல் கோப்புக்கு. அவர் போட்ட 800 வரியும் கூகுள் தட்டாத கதவுக்குப் போட்ட வழிகாட்டிப் பலகை.

பட்டியல் கையில் வந்ததும் பழைய படத்திலிருந்து புதிய படத்துக்கு ஒன்றுக்கொன்று 301 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்கள். ஷாப்பிஃபையில் யூஆர்எல் ரீடைரக்ட்ஸ் பகுதியில் இரண்டு நெடுவரிசை உள்ள சிஎஸ்வியாக (எக்ஸெலில் திறக்கும் பட்டியல் கோப்பு) மொத்தமாக ஏற்றலாம். முதலில் ஐந்து படத்துக்கு மட்டும் போட்டு, பழைய முகவரியை ப்ரௌசரில் அடித்து, புதுப் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

கேள்வி: எல்லாப் படத்தையும் முகப்புப் பக்கத்துக்கு ஒரே ரீடைரக்டாகத் திருப்பிவிட்டால் போதாதா?

போதாது. படம் கேட்டு வந்த கூகுளிடம் முகப்பைக் காட்டினால் அதைக் காணாமல் போனதாகவே கணக்கு வைக்கும்.

கேள்வி (கண்டாங்கிச் சேலை, காரைக்குடி): ஆயிரம் படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தை விவரிக்கும் வரி) உட்கார்ந்து எழுதினேன் சார். எக்ஸ்போர்ட் சிஎஸ்வியில் கூடவே வந்துவிடும்தானே?

வராது மேடம். நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று, நிறையப் பேர் கேட்பதே இல்லை. வூகாமர்ஸின் சொந்த எக்ஸ்போர்ட்டர் பட முகவரியைக் கொடுக்கும், ஆல்ட் டெக்ஸ்டைக் கொடுக்காது. ஷாப்பிஃபையின் சிஎஸ்வியில் அதற்கென்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, அது காலியாகவே போய் ஏறிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. உங்கள் எழுத்து வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் ஒவ்வொரு மீடியா கோப்போடும் ஒட்டியிருக்கிறது. டெவலப்பரிடம் சொன்னால் கோப்பின் பெயர் ஒரு பக்கம், ஆல்ட் டெக்ஸ்ட் ஒரு பக்கம் என்று எடுத்துத் தந்துவிடுவார், அதைப் பெயர் வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். 'மாம்பழ மஞ்சள் கண்டாங்கி, அரக்கு பார்டர், கட்டம்' என்று நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதியதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஹோஸ்டிங் இந்த மாதம் முடிகிறது. ஷாப்பிஃபை லைவ் ஆன அன்றே மூடிவிடலாமா?

மூடாதீர்கள். சிஎஸ்வி ஏற்றும்போது ஷாப்பிஃபை உங்கள் பழைய முகவரிக்குப் போய்த்தான் ஒவ்வொரு படத்தையும் எடுத்துக்கொள்கிறது. அங்கே சர்வர் இல்லை என்றால் படமில்லாத பொருள்கள்தான் ஏறும். லாக்கும் அங்கேதான் இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் கட்டுங்கள், மொத்த ஃபோல்டரையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வையுங்கள்.

கேள்வி (சில்க் புடவை, இளம்பிள்ளை): எங்களிடம் 3,000 படம், எல்லாம் கேமரா வைத்த நம்பர் பெயர். மாறும்போதே 'இளம்பிள்ளை சில்க் புடவை பச்சை' என்று பெயர் மாற்றினால் ரேங்க் ஏறும் என்று ஒரு கோர்ஸில் சொன்னார்கள்.

வேண்டாம். கோப்பின் பெயர் மிக லேசான குறிப்புதான் என்று கூகுளே அதன் வழிகாட்டியில் சொல்கிறது. பக்கத்தின் தலைப்பும், படத்தைச் சுற்றி இருக்கும் எழுத்தும், ஆல்ட் டெக்ஸ்டும் அதைவிட எவ்வளவோ கனம்.

அதே நண்பர்: எப்படியும் முகவரி மாறத்தானே போகிறது சார்? இரண்டு தடவை மாற்றுவதற்கு ஒரே தடவையாக மாற்றினால் நல்லதுதானே?

நியாயமான வாதம், அதை மறுக்கவில்லை. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. இறக்குமதியில் முகவரியின் முன்பகுதி எல்லாம் மாறினாலும் கோப்பின் பெயர் பெரும்பாலும் அப்படியே வரும். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் எக்ஸெலில் விலுக்அப் (பெயரை வைத்துப் பொருத்தும் சூத்திரம்) போட்டுச் சேர்க்க நமக்கு இருக்கும் ஒரே நூல் அந்தப் பெயர்தான். பெயரையும் மாற்றிவிட்டால் எந்தப் பச்சைப் புடவை எந்தப் பச்சைப் புடவை என்று 3,000 படத்தையும் கண்ணால் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

இன்னொருவர் குறுக்கிட்டு: நான் போன வருடம் பெயர் மாற்றித்தான் போனேன், ஒன்றும் குறையவில்லையே?

உங்கள் படங்களுக்கு முன்னால் எத்தனை க்ளிக் வந்துகொண்டிருந்தது என்று பார்த்தீர்களா? (பார்க்கவில்லை என்கிறார்.) அப்படியானால் குறையவில்லை என்று நீங்களும் சொல்ல முடியாது, குறைந்தது என்று நானும் சொல்ல முடியாது. தளம், முகவரி, பெயர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், பிறகு வருகை விழும்போது எதனால் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

இளம்பிள்ளை நண்பர்: பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் ஒரு ஷீட்டில் வைத்துக்கொண்டே மாற்றினால்?

அப்படியென்றால் பொருத்தும் பிரச்சினை தீர்ந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். அப்போதும் என் யோசனை, க்ளிக் வாங்கித் தரும் படங்களைத் தொடாதீர்கள். யாரும் பார்க்காமல் கிடப்பவற்றை வேண்டுமானால் மாற்றுங்கள். புதிதாக எடுக்கிற போட்டோக்களுக்கு முதல் நாளிலிருந்தே நல்ல பெயர் வையுங்கள். அப்புறம், எல்லாவற்றையும் வெப்பியாக (அளவு குறைந்த படக் கோப்பு வகை) மாற்றிவிட்டு ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, ப்ரௌசருக்கு வெப்பி புரியும் என்றால் ஷாப்பிஃபை முகவரி மாறாமலே அதைக் கொடுத்துவிடும்.

கேள்வி: 301ஆ, 302ஆ (தற்காலிக ரீடைரக்ட்)?

301. மேலே முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி (மெஜென்டோ என்ற இன்னொரு கடை மென்பொருளிலிருந்து மாறுபவர்): எங்கள் பட முகவரியில் 'கேஷ்' என்று ஒரு ஃபோல்டரும் நீளமான எழுத்துக்கோவையும் வருகிறதே?

மெஜென்டோ வெட்டி வைத்த பிரதிகள் அவை. பட அளவு செட்டிங்கை மாற்றினால் அந்த எழுத்துக்கோவையும் மாறும், அதனால் லாக்கை எடுத்து முடிக்கும் வரை பழைய தீமில் (கடையின் தோற்ற வடிவமைப்பு) கை வைக்காதீர்கள். கூகுள் எடுத்துப்போவது பெரும்பாலும் அந்தக் கேஷ் முகவரியைத்தான், ரீடைரக்டும் அங்கிருந்துதான் போட வேண்டும்.

கேள்வி: புதுத் தீமில் படங்கள் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் இரண்டு மாதமாகப் படத்தேடலில் ஒன்றுமே வரவில்லை.

படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து பாருங்கள், 'படத்தைச் சேமி' வருகிறதா? வரவில்லை என்றால் தீம் அதைச் சிஎஸ்எஸ் (பக்கத்தின் அலங்காரக் குறியீடு) பின்னணியாகப் போட்டிருக்கலாம், அப்படிப் போட்ட படங்களைக் கூகுள் படத்தேடலில் சேர்க்காது. சாதாரண இமேஜ் டேகில் இருக்க வேண்டும். 'படத்தைச் சேமி' வந்தால், அடுத்து ரோபாட்ஸ் கோப்பு (கூகுள் எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் கோப்பு) படங்களைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மெர்ச்சன்ட் சென்டரில் (கூகுளுக்குப் பொருள் பட்டியல் கொடுக்கும் இடம்) பொருள் ஐடி மாறுமே, பரவாயில்லையா?

பழைய ஐடியையே வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மாறினால் புதுப் பொருள் என்று எடுத்துக்கொள்ளும். விளம்பரச் செலவுக் கணக்கு அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹோஸ்டிங்கை எப்போது மூடலாம்?

மறுபடியும் அதே கேள்வி. மேலே படியுங்கள், தயவுசெய்து. மூன்று மாதத்துக்கு மூடாதீர்கள்.

கேள்வி: ரீடைரக்டை எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

குறைந்தது ஒரு வருடம் என்கிறது கூகுள். நான் எடுக்கவே மாட்டேன். யாரோ ஒருவர் உங்கள் விளக்கை 2019இல் ஒரு பதிவில் போட்டிருப்பார், அந்த இணைப்பும் அதன் வழியாகத்தான் வருகிறது.

கும்பகோணம் தம்பி மறுபடியும்: அண்ணா, லாக்கைத் திறந்தேன், போன வாரத்துக்கு முன்னால் எதுவுமே இல்லையே?

நிறைய ஹோஸ்டிங்கில் பழைய லாக் தானாக அழிந்துவிடும் தம்பி. ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் 'ரா ஆக்சஸ்' என்று இருக்கும், அதில் மாதாமாதம் சேமித்து வைக்கும் டிக்கைப் போட்டுவிட்டு, இருக்கிற ஒரு வாரத்தை இப்போதே இறக்குங்கள். லாக் சேருவதற்காக, மாற்றும் தேதியை ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். கார்த்திகைத் தீபத்துக்கு முன்னால் மட்டும் மாற்றாதீர்கள், உங்கள் விளக்குகளை ஊரே தேடுகிற நேரம் அது.