ஐந்தாம் கம்பியில் கிர், ஜாக்கில் கரகரப்பு

வணக்கம். ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகை மின்கிதாரில் ஐந்தாம் கம்பியை எங்கும் அழுத்தாமல் வெறுமனே மீட்டினால் கிர்ரென்கிறது, கேபிளை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறுகள் போலத்தான் தெரிகிறது.

முதலில் ஆம்ப்பை அணைத்துவிட்டு மீட்டுங்கள். கம்பி ஒலிக்கும்போதே ட்யூனர் (கம்பியை முறுக்கும் சாவி) நட், பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) திருகுகள் என ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எதைத் தொட்டதும் கிர் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான். என் கிதாரில், பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சிறு துண்டான சாடிலின் இரண்டு உயரத் திருகுகளில் ஒன்று பிரிட்ஜ் தட்டில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. கால் சுற்றில் சரியானது. கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தியதும் கிர் நின்றால், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பட்டையான நட்டின் (இது திருகு நட் அல்ல) பள்ளத்தைப் பாருங்கள்.

அப்புறம் கேபிளைச் செருகும் ஜாக். அதன் நட்டை வெளியிலிருந்து மட்டும் முறுக்காதீர்கள், ஜாக்கே சுற்றி உள்ளே ஒயர் அறுந்துவிடும். ஜாக் இருக்கும் தட்டைக் கழற்றி, ஜாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பிளக் நுனியைத் தொடும் தகட்டையும் லேசாக உள்ளே வளைத்துவிடுங்கள்.